மூலைக்கு ஒரு போல்ட் போதுமா? மூன்று தள அறைப்பெட்டி விடுதியின் எஃகு இணைப்பு

கிழக்குக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னைக்குத் தெற்கே, கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஒரு தொழிலாளர் விடுதி வடிவமைக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. பட்டறையில் முழுதாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனால் அடுக்கும் எஃகு அறைப்பெட்டிகள். ஒரு பெட்டி 6 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். லாரியில் 2.6 மீட்டர் அகலத்தைத் தாண்டினால் தனி அனுமதி வாங்க வேண்டும் என்பதால்தான் அகலம் 2.5. பக்கவாட்டில் எட்டு, மேலே மூன்று அடுக்கு, மொத்தம் 24 பெட்டிகள். தரை சிமெண்ட் இழைப் பலகை. அதனால் ஒரு பெட்டியின் எடை ஏறக்குறைய 27 கிலோ நியூட்டன்தான்.

பெட்டி தயாரிப்பாளர் கொடுத்த வரைபடத்தில் ஒவ்வொரு மூலையிலும் 150 மி.மீ. சதுரக் குழாய்த் தூண் இருக்கிறது. தூணின் அடியிலும் தலையிலும் மூடித் தகடு. கீழ்ப் பெட்டியின் தலைத்தகட்டையும் மேல் பெட்டியின் அடித்தகட்டையும் ஒரே ஒரு எம்20 (20 மி.மீ. விட்டம்), 8.8 தர (உயர் வலு) போல்ட் பிணைக்கிறது. துளை 22 மி.மீ. தூணின் ஒரு முகத்தில் கைநுழைக்கும் அளவுக்கு ஒரு திறப்பு வெட்டி, அதன் வழியாக நட்டை முடுக்க வேண்டும். எல்லாம் ஹாட் டிப் கால்வனைசிங், அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூசியது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். இந்த உயரத்தில் அழுத்தம் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன். முன்பக்க அழுத்தமும் பின்பக்க உறிஞ்சலும் சேர்த்துக் குணகம் 1.2 என்று சற்றுத் தாராளமாகவே எடுத்தேன். ஒரு பெட்டி அகலத்துக்கு, மூன்று தளத்துக்கும் சேர்த்து 40.5 கிலோ நியூட்டன் வருகிறது. பாதுகாப்புக்காக 1.5 பெருக்கினால் 60.75. நான்கு மூலைக்குப் பிரித்தால் மூலைக்கு 15.2. இந்திய எஃகு வடிவமைப்பு விதிநூலான ஐ.எஸ். 800 கணக்கில் எம்20, 8.8 போல்ட்டின் வெட்டுவிசைத் தாங்குதிறன், மரை வெட்டும் தளத்தில் இருந்தாலும், 90.5 கிலோ நியூட்டன். ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வேலைதான். மேல்நோக்கிய இழுப்பும் மூலைக்கு 13 அளவில்தான் வருகிறது. போல்ட் 141 வரை தாங்கும்.

எண்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. எதையோ தவறவிடுகிறேன் என்று தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இறுதியாண்டு மாணவி எழுதியது:

வணக்கம். நான் கட்டுமானப் பொறியியல் நான்காம் ஆண்டு. 13 எப்படி வந்தது என்று விளக்க முடியுமா? எனக்குக் கணக்கில் மேல்நோக்கிய விசையே வரவில்லை.

கிழக்குக்கரை எழுதியது:

தரையைக் கான்கிரீட்டாக எடுத்திருப்பீர்கள் தங்கையே, அப்படி எடுத்தால் வராது. கவிழ்ப்புத் திருப்புமை 40.5 × 4.5, அதாவது 182. அதை 6 மீட்டரால் வகுத்து இரண்டு தூணுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 15.2. 1.5 பெருக்கினால் 22.8. எதிர்ப்பக்கம் மூன்று பெட்டிகளின் எடை 81, மூலைக்கு 20.25, அதில் 0.9 மட்டும்தான் நம்பலாம். அது 18.2. மீதம் 4.6. அதோடு கூரையைக் காற்று மேலே உறிஞ்சும். அது மூலைக்கு 8.4. ஆக 13.

பழைய ஆசிரியர் எழுதியது:

உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. போல்ட் அறுந்துபோகுமா என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். அறுவதற்கு முன்னால் அது எவ்வளவு நழுவும் என்று கேட்கவில்லை.

20 மி.மீ. போல்ட், 22 மி.மீ. துளை. மேல் தகட்டில் ஒரு மி.மீ. இருபுறமும், கீழ்த் தகட்டில் ஒரு மி.மீ. இருபுறமும் இடைவெளி. போல்ட் துளைச் சுவரைத் தொட்ட பிறகுதான் அந்த 90.5 வேலை செய்யத் தொடங்கும். அதுவரை மேல் பெட்டி கீழ்ப் பெட்டியின் மேல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை 4 மி.மீ. நகரலாம். உடையக்கூடிய சுவர்ப்பூச்சு இருந்தால் அனுமதிக்கும் பக்கவாட்டு நகர்வு கட்டட உயரத்தில் 500-இல் ஒரு பங்கு, அதாவது உங்கள் 3 மீட்டர் தளம் ஒன்றுக்குச் சராசரியாக 6 மி.மீ. சட்டகம் வளையத் தொடங்குவதற்கு முன்பே துளை அதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்கிறது. குளியலறை ஓடுகளும் இரண்டு தளங்களை இணைக்கும் கழிவுநீர்க் குழாய்களும் என்ன ஆகும்?

"நழுவவிடாமல் உராய்வால் பிடித்துக்கொள்வோம்" என்று தயாரிப்பாளர் சொல்லலாம். அப்போது ஐ.எஸ். 800-இன் உராய்வுக் குணக அட்டவணையைத் திறந்து காட்டுங்கள். எஃகுக் குண்டு அல்லது துகள் வீச்சால் சுத்தம் செய்த வெறும் எஃகுக்கு 0.50. அதையே ஹாட் டிப் கால்வனைசிங் செய்தால் 0.10. துத்தநாகம் மென்மையான உலோகம், வழுக்கும். முடுக்கும்போதே போல்ட்டுக்குள் ஏறும் இழுப்பு, அதாவது முழு முன்இழுவிசை, 0.7 × 800 × 245 = 137 கிலோ நியூட்டன். அதில் பத்தில் ஒரு பங்கு 13.7. அதை 1.10-ஆல் வகுத்தால் 12.5. உங்களுக்கு வேலைநிலையில் மூலைக்கு 10.1 தேவை. சாதாரணத் துளை என்றால் தப்பித்தோம். துளையைப் பெரிதாக்கினால் 0.85 பெருக்க வேண்டும், 10.6 ஆகும். நீண்ட பிளவுத்துளையில் விசை பிளவின் திசையிலேயே வந்தால் 0.7 பெருக்க வேண்டும், 8.7 ஆகும். போதாது.

இதெல்லாம் நான்கு மூலையிலும் 137 கிலோ நியூட்டன் உண்மையாகவே போல்ட்டுக்குள் இருந்தால் மட்டும்.

ராணிப்பேட்டைப் பட்டறை எழுதியது:

ஐயா கடைசியில் சொன்னதை நான் பிடித்துக்கொள்கிறேன். முப்பது வருடமாக இரும்பு வேலை செய்கிறேன். 137 கிலோ நியூட்டன் வர வேண்டுமென்றால் முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் ஏறக்குறைய 550 நியூட்டன் மீட்டர் கொடுக்க வேண்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள ரெஞ்சின் நுனியில் ஒரு ஆள் தன் எடையைப் போட்டுத் தொங்குவதற்குச் சமம் அது. இந்த வரைபடத்தில் நட்டு இருப்பது குழாய்த் தூணுக்குள். உள்ளே 138 மி.மீ. இடம். கை நுழைந்தால் ரெஞ்ச் நுழையாது. ரெஞ்ச் நுழைந்தால் திருப்ப இடமிருக்காது. வளையச் ஸ்பானரை உள்ளே விட்டு, அரை அங்குலம் திருப்பி, எடுத்து, மறுபடி மாட்டி, இப்படியே முடுக்குவார்கள். மதிய வெயிலில் அந்தக் குழாய்க்குள் கையை விட்டுப் பாருங்கள், ஒரு நிமிடம் வைத்திருக்க முடியாது. விரல் இறுக்கத்துக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் ஆள் அடுத்த மூலைக்குப் போய்விடுவான். அவன்மேல் தவறில்லை. திருப்ப முடியாத இடத்தில் போல்ட்டை வரைந்து கொடுத்திருக்கிறார்கள்.

கால்வனைஸ் செய்த நட்டு இன்னொரு தொல்லை. துத்தநாகம் ஏறிய போல்ட்டுக்குப் பொருந்த நட்டின் மரையைச் சற்றுப் பெரிதாக வெட்டியிருப்பார்கள். மெழுகோ கிரீசோ தடவாமல் முடுக்கினால் துத்தநாகம் அரைந்து மரையில் ஒட்டிக்கொள்ளும். ரெஞ்சில் 550 காட்டும், போல்ட்டுக்குள் அதில் பாதிகூடப் போயிருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ஒரு வேலையிடத்தில் 8.8 என்று வந்த மூட்டையில் வலு குறைந்த 4.6 தரப் போல்ட்டுகள் கலந்திருந்தன. விட்டம் ஒன்றே, நீளம் ஒன்றே, நிறமும் ஒன்றே. தலையில் உள்ள எண் மட்டும் வேறு. துத்தநாகம் தடிமனாக ஏறிய தலையில் அந்த எண்ணை விரல் நகத்தால் சுரண்டித்தான் படித்தேன். ஒரு கட்டடத்தில் ஒரே விட்டத்தில் இரண்டு தரம் வைக்கவே வைக்காதீர்கள்.

இறுதியாண்டு மாணவி எழுதியது:

அப்படியானால் இன்னும் வலுவான 10.9 தரம் எடுத்தால் முன்இழுவிசை கூடுமே? 0.7 × 1000 × 245 போட்டால் 171 வருகிறது. உராய்வும் அதற்கேற்பக் கூடும் அல்லவா?

பழைய ஆசிரியர் எழுதியது:

காகிதத்தில் கூடும். ஆனால் கால்வனைசிங்குக்கு முன் அமிலத் தொட்டியில் முக்கும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழையும். எஃகு எவ்வளவு வலுவானதோ அவ்வளவுக்கு அந்த ஹைட்ரஜனால் நொறுங்கும் தன்மை கூடும். முழு இழுவிசையில் இறுக்கிய போல்ட் சில நாள் கழித்து, எந்தப் புதுப் பாரமும் இல்லாமலே, தலை தெறித்து விழலாம். அமெரிக்காவில் இந்த வலுவுடைய ஏ490 போல்ட்டுகளை ஹாட் டிப் செய்யக் கூடாது என்றே விதி வைத்திருக்கிறார்கள். கடலோரத்தில் துத்தநாகம் இல்லாமலும் முடியாது. எனவே 8.8-இல் நின்றுகொள்வதே நல்லது. அதோடு, 10.9-ஐ முடுக்க இன்னும் அதிக முறுக்கு வேண்டும். பட்டறைக்காரர் சொன்ன அந்தக் குழாய்க்குள் அது எங்கிருந்து வரும்?

ஜூரோங் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே அரசு விற்கும் சில நிலங்களில் 2014 நவம்பரிலிருந்தே அறைப்பெட்டிக் கட்டுமானம் கட்டாயம். சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய கிரவுன் பிளாசா விடுதியின் விரிவாக்கத்தை எஃகுப் பெட்டிகளால் கட்டினார்கள். பிறகு கான்கிரீட் பெட்டிகளும் நிறைய வந்துவிட்டன. தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பிகள் பலர் இந்த வேலையில் இருக்கிறார்கள். போல்ட் முடுக்குவது பெரும்பாலும் அவர்கள்தான்.

நீங்கள் யாரும் இன்னும் தொடாத ஒன்று இருக்கிறது. பெட்டிகளை அடுக்கும் வரிசை. முதல் பெட்டியை வைக்கிறீர்கள், நான்கு மூலையும் திறந்திருக்கும். அடுத்த பெட்டியை அதன் பக்கத்தில் 20 மி.மீ. இடைவெளி விட்டு இறக்குகிறீர்கள். இப்போது இந்தப் பெட்டியின் இரண்டு மூலைகள் முந்திய பெட்டியின் சுவரோடு ஒட்டி மறைந்துவிட்டன. மற்ற இரண்டு மட்டும் வெளியே தெரிகின்றன. வரிசை முடியும் வரை இப்படித்தான். முதல் பெட்டியைத் தவிர ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூலைகள் வெளியிலிருந்து கைக்கு எட்டாது. அதனால்தான் தயாரிப்பாளர் தூணில் திறப்பு வைத்திருக்கிறார். ஒரு பக்கத்திலிருந்தே முடுக்கக்கூடிய ஹாலோ-போல்ட் போன்ற விரியும் வகைப் போல்ட்டுகளும் சந்தையில் இருக்கின்றன. அவையும் முகத்தைப் பார்த்து நிற்க இடம் கேட்கும்.

நாங்கள் செய்தது வேறு. மேல் பெட்டிக்குள் ஆள் நிற்பான். தரையின் மூலையில் சிறு மூடி. அதைத் தூக்கினால் அடித்தகடு தெரியும். போல்ட்டை மேலிருந்து கீழே விட்டு, நீளமான நீட்டுக்குழாய் மாட்டிய சாக்கெட்டால் முடுக்குவான். நட்டு கீழ்ப் பெட்டியின் தலைத்தகட்டுக்கு அடியில் ஏற்கெனவே இருக்கும். நின்றபடியே வேலை. மறைந்த மூலை, திறந்த மூலை என்ற வேறுபாடே இல்லை. முடித்ததும் போல்ட் தலையிலிருந்து தகடு வரை ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு இழுத்து, மூலை எண்ணோடு படம் எடுத்துவிடுவார்கள். கோடு பின்னாளில் முறிந்திருந்தால் போல்ட் சுழன்றிருக்கிறது என்று அர்த்தம். அதன் பிறகு தீத்தடுப்புப் பலகை வைத்து மூடிவிடுவதால், அந்தப் படம்தான் கடைசிச் சாட்சி.

கிழக்குக்கரை எழுதியது:

ஜூரோங் அண்ணா, மிக்க நன்றி. இரவெல்லாம் இதையே யோசித்தேன். போல்ட்டைத் தூணுக்குள்ளிருந்து வெளியே எடுத்து, அறையின் உள்மூலைப் பக்கம் நீட்டிய தகட்டில் வைக்கிறேன். தூண் முகத்திலிருந்து போல்ட் மையம் வரை 60 மி.மீ. தகடு 150 அகலம், 8 மி.மீ. தடிமன். தூணில் திறப்பு வெட்ட வேண்டிய தேவையும் போய்விடுகிறது.

பழைய ஆசிரியர் எழுதியது:

இடம் சரி. 8 மி.மீ. சரியில்லை. தூணின் நேர்க்கோட்டிலிருந்து போல்ட்டை விலக்கியவுடன் தகடு வளையத் தொடங்கும். 13 கிலோ நியூட்டனை 0.06 மீட்டரால் பெருக்குங்கள், 0.78. 8 மி.மீ. தகட்டின் வளைவுத் தாங்குதிறன் 0.44. 10 மி.மீ. என்றால் 0.68. 12 மி.மீ. போட்டால்தான் 0.98 வரும். போல்ட் தன் திறனில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. அதற்குள் தகடு வளைந்துவிட்டது. தகடு வளைந்தால் அதன் நுனி கீழ்த்தகட்டை அழுத்தி, கடப்பாரை போல் போல்ட்டை இன்னும் மேலே இழுக்கும். இந்த நெம்புவிசையையும் சேர்த்துத்தான் போல்ட்டைச் சரிபார்க்க வேண்டும். என் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: இணைப்பு என்பது போல்ட் மட்டும் அல்ல, தகடு, வெல்டிங், தூண் சுவர் மூன்றும் சேர்ந்ததுதான்.

ஆனால் நழுவல் பிரச்சினை இன்னும் அப்படியே இருக்கிறது. மேலிருந்து முடுக்கினாலும் 550 நியூட்டன் மீட்டரை 96 மூலைகளிலும் நம்ப வேண்டியிருக்கிறது. நான் ஒன்று கேட்கிறேன். இழுவிசை, வெட்டுவிசை இரண்டையும் ஏன் ஒரே போல்ட்டின் தலையில் கட்டுகிறீர்கள்?

ராணிப்பேட்டைப் பட்டறை எழுதியது:

ஐயா சொல்ல வருவது புரிகிறது. கீழ்ப் பெட்டியின் தலைத்தகட்டில் ஒரு கெட்டியான வளையத்தை வெல்டிங் செய்துவிடலாம். வெளிவிட்டம் 50, உள்ளே 30 துளை, மேல்முனை கூம்பாகச் சாய்ந்திருக்கும். மேல் பெட்டி இறங்கும்போது அதன் அடித்தகட்டுத் துளை இந்தக் கூம்பில் மாட்டிக்கொண்டு தானாக இடத்தில் உட்காரும். பக்கவாட்டு விசையை வளையம் தாங்கும். வளையத்தின் நடுவே போல்ட் இறங்கும், அது மேல்நோக்கிய இழுப்பை மட்டும் பார்த்துக்கொள்ளும். கிரேன்காரருக்கும் நல்லது. காற்றில் ஆடும் பெட்டியை ஆள் கையால் தள்ளித் துளைக்கு நேரே கொண்டுவர வேண்டியதில்லை. இரண்டு தகடுகளுக்கு நடுவே விரல் நசுங்கிய ஒருவரை நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

இறுதியாண்டு மாணவி எழுதியது:

வளையத்துக்குத் துளையில் எவ்வளவு தளர்வு விடுவது? குறைத்தால் நான்கு மூலையும் ஒன்றாகப் பொருந்தாது, கூட்டினால் மறுபடியும் நழுவும் அல்லவா?

ஜூரோங் எழுதியது:

மிக நல்ல கேள்வி. இந்தத் துறையில் பணம் கரைவது இங்கேதான். நியூயார்க்கின் புரூக்ளினில் 461 டீன் என்ற 32 மாடிக் கட்டடத்தை 930 பெட்டிகளால் கட்டினார்கள். 2012-இல் தொடங்கி 2016-இல்தான் திறந்தார்கள். பெட்டிகள் ஒன்றோடொன்று நேராகப் பொருந்தவில்லை, தண்ணீர் கசிந்தது என்ற புகார்கள் எழுந்து, கட்டியவர்களும் கட்டச் சொன்னவர்களும் ஒருவர் மேல் ஒருவர் வழக்குத் தொடுத்தார்கள். ஒரு மூலையில் 2 மி.மீ. பிழை என்பது ஒன்றுமே இல்லை. ஆனால் அது ஒரே பக்கமாகவே சாய்ந்து பத்துத் தளம் ஏறினால் 20 மி.மீ. மின்தூக்கிக்கு வழி இருக்காது.

அதனால் நான்கு மூலைக்கும் ஒரே துளை போடாதீர்கள். ஒரு மூலையில் இறுக்கமான வட்டத்துளை, 51 மி.மீ. அதே நீளப்பக்கத்தின் மறுமுனையில், அகலத் திசையில் இறுக்கமாகவும் நீளத் திசையில் 10 மி.மீ. தளர்வாகவும் இருக்கும் நீள்துளை. மற்ற இரண்டு மூலைகளிலும் 60 மி.மீ. பெரிய துளை. வட்டத்துளை பெட்டியின் இடத்தைப் பிடிக்கும். நீள்துளை அது திரும்பாமல் பார்த்துக்கொள்ளும். மற்ற இரண்டும் பட்டறைப் பிழையை விழுங்கிக்கொள்ளும். ஒவ்வொரு தளம் முடிந்ததும் அளவைக் கருவியால் மூலைகளை அளந்து, அடுத்த தளத்தின் ஷிம் தகடுகளை (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடுகள்) அதற்கேற்ப முடிவு செய்யுங்கள்.

பழைய ஆசிரியர் எழுதியது:

இதற்கு ஒரு தடை சொல்ல வேண்டியிருக்கிறது. காற்று நீளத் திசையில் அடிக்கும்போது நீள்துளை நழுவிவிடும், பெரிய துளைகளும் நழுவிவிடும். அப்போது அந்த 60.75 கிலோ நியூட்டன் முழுவதும் ஒரே ஒரு வட்டத்துளை மூலையில் வந்து விழுகிறது. அதுவும் நடுவில் விழவில்லை. அகலத்தின் மையத்திலிருந்து 1.25 மீட்டர் தள்ளி விழுகிறது. பெட்டி திரும்பப் பார்க்கும்.

கிழக்குக்கரை எழுதியது:

கணக்குப் போட்டேன் ஐயா. 60.75 × 1.25, திருப்புமை 76. அதை 6 மீட்டர் தள்ளியிருக்கும் நீள்துளை அகலத் திசையில் எதிர்க்கிறது. அங்கே 12.7, வட்டத்துளையிலும் எதிர்த்திசையில் 12.7. வட்டத்துளை மூலையில் மொத்தம் 62 கிலோ நியூட்டன். 50-க்கு 30 வளையத்தின் பரப்பு 1,257 சதுர மி.மீ. சாதாரண எஃகிலேயே 165 கிலோ நியூட்டன் தாங்கும். சுற்றி 6 மி.மீ. வெல்டிங் 125 தாங்கும். போல்ட்டுக்கு இதில் வேலையே இல்லை. முன்பு ஆறு மடங்கு உபரி என்று சும்மா கிடந்த வலுவை இப்போது பொருந்துவதற்கான இடமாக மாற்றிக்கொண்டோம் என்றே நினைக்கிறேன். நழுவலும் 4 மி.மீ. இல்லை, 1 மி.மீ.தான்.

பழைய ஆசிரியர் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு திருத்தங்கள். 51 மி.மீ. துளையின் மையத்திலிருந்து தகட்டின் ஓரம் வரை துளை விட்டத்தில் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். 150 அகலத்தில் 75-தான் கிடைக்கிறது, 160 ஆக்குங்கள். அடுத்தது, ஒரே மூலையில் 62 சேர்கிறது என்றால் அதை அங்கே கொண்டுவருவது தரைச்சட்டகம். அந்த மூலையில் தரை உத்திரத்துக்கும் தூணுக்கும் இடையிலான வெல்டிங்கை 15-க்குப் போட்டுவைத்திருப்பீர்கள். அதையும் 62-க்கு மாற்றுங்கள். விசை போகும் வழி முழுவதையும் விரலால் தொட்டுக்கொண்டே போய் அடித்தளத்தில் விடவேண்டும்.

பக்கத்துப் பெட்டிகளை ஒன்றோடொன்று கட்டுவதையும் மறக்க வேண்டாம். 1968 மே 16 அன்று லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் 18-ஆவது மாடியில் ஒரு வீட்டில் சமையல் எரிவாயு வெடித்தது. ஒரு சுவர்ப்பலகை வெளியே தள்ளப்பட்டது. அந்த மூலை முழுவதும், மேலிருந்து கீழ்வரை, சீட்டுக்கட்டாகச் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அது கான்கிரீட் பலகைக் கட்டடம்தான், எஃகுப் பெட்டி அல்ல. ஆனால் காரணம் நமக்கும் பொருந்தும். தனித்தனியாகச் செய்த பாகங்கள் எடையால் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்திருந்தன, பிடிப்பு போதவில்லை. உங்கள் விடுதியில் ஒரு கீழ்ப் பெட்டியின் தூணில் லாரி மோதினால், மேலே இருக்கும் இரண்டு பெட்டிகளையும் பக்கத்துப் பெட்டிகள் பிடித்துத் தொங்கவிட வேண்டும். தலைத்தகடுகளுக்கு மேல், ஒவ்வொரு தளத்திலும், இரண்டு பெட்டிகளைச் சேர்க்கும் கட்டுத்தகடு வையுங்கள்.

இறுதியாண்டு மாணவி எழுதியது:

தெற்கு லண்டனின் குரோய்டனில் 44 மாடிவரை எஃகுப் பெட்டிகளால் கட்டியிருப்பதாகப் படித்தேன். அங்கேயும் இதே மூலை இணைப்புத்தானா?

ஜூரோங் எழுதியது:

அங்கே நடுவில் கான்கிரீட் மையத்தூண் இருக்கிறது. காற்றை அது தாங்குகிறது. பெட்டிகள் தங்கள் எடையைக் கீழே இறக்குகின்றன, பக்கவாட்டு விசையை அந்த மையத்துக்குக் கடத்துகின்றன. 2020-இல் முடித்தார்கள். மூன்று தளத்துக்கு மையம் தேவையில்லை. ஆறேழு தளம் போகும்போது பெட்டிகளையே நம்பியிருக்காமல் மாடிப்படிக் கூண்டையோ குறுக்குச் சட்டத்தையோ நாட வேண்டியிருக்கும்.

தூக்குவதையும் சரிபார்த்துவிடுங்கள். கம்பிவடம் 45 பாகையில் சாய்ந்தால், மேலே தூக்கும் விசை அளவுக்கே பக்கவாட்டிலும் பெட்டியை நசுக்கும். மேலே விரிசட்டம் வைத்து நேராகத் தூக்குங்கள்.

ராணிப்பேட்டைப் பட்டறை எழுதியது:

நட்டைப் பற்றி ஒன்று. கீழ்ப் பெட்டியின் தலைத்தகட்டுக்கு அடியில் நட்டை நேராக வெல்டிங் செய்தால் 60 மி.மீ. துளை மூலைகளில் போல்ட் பொருந்தாது. நட்டு ஒரு சிறு கூண்டுக்குள் இருக்க வேண்டும். அங்கே சுழலாமல், ஆனால் எல்லாப் பக்கமும் சில மி.மீ. நகரும்படி. நான் ஒரு மாதிரி செய்து தருகிறேன். நீங்கள் பட்டறைக்கு வாருங்கள். நான்கு மூலையும் கொண்ட இரண்டு வெறும் சட்டகங்கள், கீழே ஒன்று, மேலே ஒன்று. 24 பெட்டி செய்த பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கிழக்குக்கரை எழுதியது (மூன்று வாரம் கழித்து):

போய்வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மேல் சட்டகம் இறங்கியதைப் பார்க்க வேண்டும் நீங்கள். சற்று விலகி வந்தது. கூம்பு துளையின் ஓரத்தைத் தொட்டது, ஒரு உரசல் சத்தம், தானாக நகர்ந்து உட்கார்ந்தது. யாரும் கை வைக்கவில்லை. பட்டறைக்காரர் தகட்டிடுக்கில் அளவுத்தகடு விட்டுப் பார்த்தார். மூன்று மூலைகள் சரியாக அமர்ந்திருந்தன. நான்காவதில் 2 மி.மீ. இடைவெளி. ஷிம் வைத்தோம்.

அடுத்து போல்ட். முதல் மூலையில் இறங்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. தலைகீழாகப் படுத்து, கைவிளக்கு அடித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. கூண்டையும் நட்டையும் வெல்டிங் செய்துவிட்டு அதன் பிறகு சட்டகத்தைத் துத்தநாகத் தொட்டிக்கு அனுப்பியிருந்தோம். 450 பாகையில் உருகிய துத்தநாகம் கூண்டுக்குள் புகுந்து, வடியாமல், நட்டைச் சுற்றிக் கட்டியாக உறைந்திருந்தது. நகர வேண்டிய நட்டு பாறைபோல் நின்றது. மரையிலும் துத்தநாகம். வரைபடத்தில் எங்கள் யாருக்கும் இது தெரியவில்லை.

இப்போது மாற்றிவிட்டோம். கூண்டின் அடிமூடி தனி. சட்டகம் தொட்டியிலிருந்து வந்த பிறகு, தனியாகக் கால்வனைஸ் செய்து மெழுகு பூசிய நட்டை உள்ளே வைத்து, மூடியை இரண்டு சிறு திருகாணிகளால் மாட்டுகிறோம். கூண்டின் பக்கச் சுவரில் துத்தநாகம் வடிய 12 மி.மீ. துளை. தூண் குழாயின் இரண்டு முனையிலும் காற்றுத்துளை பெரிதாக்கியிருக்கிறோம். மூடிய குழாயைத் தொட்டியில் விட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும் என்று பட்டறைக்காரர் சொன்னபோது எனக்கு உடம்பு சில்லிட்டது.

போல்ட் இப்போது இழுவிசைக்கு மட்டும்தான். முழு முன்இழுவிசை கேட்கவில்லை. இறுக்கமாக முடுக்கி, காற்றில் தளராமலிருக்க ஆப்பு வகைப் பூட்டு வாஷர் போடுகிறோம். பட்டறையில் ஒரு இளைஞர் சாதாரணச் சாக்கெட் ரெஞ்சால், நின்றபடி, நான்கு மூலையும் முடித்தார்.

ராணிப்பேட்டைப் பட்டறை எழுதியது:

மூடித் திருகாணி கடலோரத்துக்குத் துருப்பிடிக்காத எஃகில் வேண்டும் என்று சொல்லிவிடாதீர்கள். துத்தநாகத்தோடு அது சேர்ந்து ஈரம் பட்டால், சுற்றியுள்ள துத்தநாகத்தை அரித்துவிடும். கால்வனைஸ் திருகாணியே வாங்கி வைத்திருக்கிறேன். 96 மூலைக்கு 192, உடைசலுக்குச் சேர்த்து 220. அடுத்த வாரம் முதல் பெட்டியின் தகடு வெட்டத் தொடங்கலாம், நீங்கள் திருத்திய வரைபடத்தை அனுப்புங்கள்.